அன்னையருக்கும் ஒரு வாழ்வு

ஆனிப் பௌர்ணமியன்று பிச்சாண்டவர் பவளக்கால் சப்பரத்தில் பவனி வருகையில், மாடிதோறும் நின்று மாங்கனி வீசும் ஊர் நம் காரைக்கால். அந்தக் கனி கையில் கிடைத்தால் பிள்ளைப்பேறு வாய்க்கும் என்று பெண்கள் காத்து நிற்பார்கள். புனிதவதியாருக்கும் பரமதத்தனுக்கும் ஆண்டுதோறும் திருமணமும் செய்து வைக்கிறோம்.

அந்தத் திருமணம் பிறகு என்ன ஆயிற்று என்பதைச் சேக்கிழார் சொல்லியிருக்கிறார். இறையருளால் வந்த மாங்கனியைக் கண்டு அஞ்சிய கணவன் கப்பலேறினான். பாண்டிய நாட்டுக் கடற்கரைப் பட்டினத்தில் வேறொருத்தியை மணந்தான். மகள் பிறந்தாள், அவளுக்குப் புனிதவதி என்றே பெயரிட்டான். சுற்றத்தார் அம்மையாரைச் சிவிகையில் அழைத்துச் சென்றபோது, மனைவி மகளோடு வந்து காலில் விழுந்தான். அம்மையாரோ அழகை உதறிப் பேயுரு வேண்டிப் பெற்றார். கயிலையில் இறைவனே அவரை 'அம்மையே' என்றழைத்தான். அது பெரும்பேறு, ஐயமில்லை. ஆனால் கணவன் கைவிட்ட ஒவ்வொரு பெண்ணும் அம்மையாராகிவிட வேண்டும் என்று ஊர் எதிர்பார்ப்பது நியாயமா? (முதல் மனைவி இருக்கப் பரமதத்தன் செய்த இரண்டாம் மணம், 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டப்படி இன்று செல்லாது!)

என் தந்தை வெளியூர் போனவர் திரும்பவில்லை. அம்மாவுக்கு அப்போது வயது 28. தையல் இயந்திரத்தை மிதித்தே என்னைக் கல்லூரி வாசல்வரை கொண்டுவந்தார். நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கையில், திருநள்ளாற்றில் மனைவியை இழந்த ஒருவருக்காக மாமா பெண் கேட்டு வந்தார். அம்மா என் முகத்தைப் பார்த்தார். "பள்ளிக்கூடத்துல நான் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பேன்?" என்று அழுதேன், இரண்டு நாள் சாப்பிடவில்லை. பெட்டியிலிருந்து எடுத்த வாயில் புடவையை அம்மா மறுபடி மடித்து வைத்தார். பேச்சு அத்தோடு நின்றது.

அந்தச் சட்டம் 1963இல் நம் புதுவைப் பகுதிக்கும் வந்தது. 1976இல் செய்த திருத்தத்தின்படி, ஈராண்டு கைவிட்டிருந்த கணவனிடமிருந்து மணவிலக்குப் பெறலாம். சட்டம் வழிவிட்டிருந்தது. மறித்து நின்றவள் நான்தான்.

கல்லூரி மலர்களில் தாயை மெழுகுவர்த்தியாக்கிக் கவிதை எழுதும் நண்பர்களே, அந்த மெழுகுவர்த்தியிடம் எவரேனும் ஒரு வார்த்தை கேட்டதுண்டா? மாற்றாந்தந்தை எப்படிப்பட்டவரோ என்ற அச்சம் பொய்யன்று. அது ஆளை விசாரித்துத் தீர்க்கவேண்டிய அச்சம். மறுமணம் செய்தால்தான் வாழ்வு என்றும் நான் வாதாடவில்லை. 'வேண்டாம்' என்ற சொல் தாயின் வாயிலிருந்து வரட்டும். மகள் அழுது வரவழைத்ததாக இருக்கக்கூடாது என்பதே என் கருத்து.

சென்ற மாங்கனித் திருவிழா இரவில், கூட்டம் கலைந்த பிறகு, பழைய பேச்சை எடுத்தேன்.

"இப்பத்தான் புத்தி வந்துச்சாடி உனக்கு?" என்று அம்மா சிரித்தார். பிறகு இருவரும் திண்ணையில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அம்மாவுக்கு அவரைப் பிடித்துத்தான் இருந்ததாம். அவர் பெயரையே அன்றுதான் நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.