தராசு பிடிப்பவர் கல்லாவிலும் உட்காரலாமா?

நீதிமன்றத்துக்கு நகராட்சி படியளக்கவேண்டும். அமெரிக்காவின் ஃபெர்குசன் நகரிலோ, நகராட்சிக்கே நீதிமன்றம் படியளந்தது! 2015 நிதியாண்டின் பொதுநிதி வரவு மதிப்பீட்டில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு அபராதப் பணம்.

கொடுத்தவர் யார்? கோடீசுவரரா? அந்நாட்டு நீதித்துறையின் 2015 அறிக்கையைப் பாருங்கள், தோழர்களே! கறுப்பினப் பெண்மணி ஒருவர் 2007-ல் காரைத் தவறான இடத்தில் நிறுத்தினார். அபராதம் 151 டாலர், கட்டணம் தனி. வறுமையால் தவணை தவறினார்; அபராதம் குட்டிபோட்டது. 25 டாலரும் 50 டாலரும் கொண்டுவந்தபோது, முழுத்தொகை கேட்டுத் திருப்பியனுப்பினர். ஆறு நாள் சிறை. கட்டியது 550 டாலர். 2014 டிசம்பரில் பாக்கி 541!

இது நீதியா, கந்துவட்டியா?

குற்றத்துக்குத் தண்டனை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் தண்டனையே வருமானமானால், குற்றம் குறைவது கஜானாவுக்கு நட்டமாகிவிடும்! நீதிமன்றம் வரிப்பணத்தில் நடக்கட்டும். ஏழையின் மடியில் கைவைத்து அல்ல!