அந்த அம்மாவுக்கு இரண்டு மணி நேரம் கொடுங்களேன்!

பௌர்ணமி கிரிவலத்தில் ரமணாசிரமத்தைத் தாண்டும்போது நீங்களே பார்த்திருப்பீர்கள். தட்டையான மூக்கும் மேல்நோக்கிய கண்களுமாக ஒரு பிள்ளை. அதன் கையை விடாமல் பிடித்தபடி அம்மா. டவுன் சிண்ட்ரோம் குழந்தை. கூட்டத்தில் ஒருவர் உச்சுக் கொட்டுவார்: "எந்த ஜென்மத்துப் பாவமோ!" பிள்ளை சிரித்துக்கொண்டே போய்விடும். அம்மாவால் முடியுமா?

பாவமும் இல்லை, சாபமும் இல்லைங்க. 21-வது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாகிவிடுகிறது, அவ்வளவுதான்! 1959-லேயே இது தெரிந்துவிட்டது. கர்ப்பத்தில் எதையோ சாப்பிட்டதாலோ, கிரகணத்தில் வெளியே வந்ததாலோ வருவதல்ல. தாயின் வயது கூடக்கூட வாய்ப்பு அதிகம் என்பது உண்மை. ஆனால் இளம் தாய்க்கும் இப்படிப் பிறக்கலாம். பிறகு ஏன் மாமியார் முதல் பக்கத்து வீடு வரை அவளையே குற்றவாளி ஆக்குகிறோம்?

இந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயத்தில் குறை இருக்கலாம். எக்கோ, தைராய்டு டெஸ்ட், பேச்சுப் பயிற்சி என்று அலைவது யார்? பெரும்பாலும் அம்மாதான். கூடவே, 'எனக்கப்புறம் யாரு பார்த்துப்பாங்க?' என்ற பயம். தூக்கம் வராமை, எரிச்சல், திடீர் அழுகை... இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அது 'திமிர்' அல்ல, மன அழுத்தம்.

அந்தப் பயத்துக்கும் வழி உண்டு. பிள்ளைக்குப் பதினெட்டு வயதானதும் கலெக்டர் தலைமையிலான கமிட்டி மூலம் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்கலாம். நேஷனல் டிரஸ்டின் 'நிராமயா' காப்பீட்டில் ஒரு லட்ச ரூபாய் வரை சிகிச்சை உதவி உண்டு. சென்னையில் சுரேகா ராமச்சந்திரன், தன் மகளுக்காகத் தேடத் தொடங்கி, 1984-ல் இதற்கென ஒரு சங்கத்தையே உருவாக்கினார். இதே பாதையில் நடந்த இன்னொரு அம்மாவிடம் பேசுவதே பாதி மருந்து.

மீதி மருந்து உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அப்பாக்களே, வாரத்தில் இரண்டு நாள், இரண்டு மணி நேரம் பிள்ளையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் தூங்கட்டும், கோயிலுக்குப் போகட்டும், சும்மா உட்காரட்டும். 'எங்கே போனே?' என்று மட்டும் கேட்காதீர்கள்.

வீட்டைத் துறந்து வந்த ரமணரே, தேடி வந்த தாய் அழகம்மாளைக் கடைசிவரை தன்னுடன் வைத்துக்கொண்டார். 1922-ல் அவர் மறைந்தபின், அவரது சமாதியைச் சுற்றி எழுந்ததுதான் ஆசிரமம். அங்கே கைகூப்பிவிட்டு வீடு திரும்பும் நாம், அடுப்படியில் களைத்து நிற்கும் தாயையும் கொஞ்சம் கவனிக்கலாமே!