சத்தியம் செய்யாத இரண்டு பேர்

ஏற்காடு ஒண்டிக்கடையில் டீ குடித்தபடி, கடவுள் பேரில் சத்தியமா, உளமார உறுதியா என்று நண்பர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். பக்கத்து பெஞ்சில் இருந்த முன்னாள் ராணுவக்காரர் சிரித்தார். "எப்படிச் சொன்னா என்ன தம்பி? யாரு சொல்றாங்கன்னு பாருங்க."

சரியான அடி. அமைச்சர் 'உளமார' என்றால் கைதட்டுகிறோம், 'ஆண்டவன் மீது ஆணையாக' என்றால் கிண்டலடிக்கிறோம். 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 131-ஆவது பிரிவு இரண்டையுமே ஏற்கிறது. அங்கே அந்தச் சண்டை எப்போதோ முடிந்துவிட்டது. முடியாத சண்டை வேறு.

அதே சட்டத்தின் 116-ஆவது பிரிவைப் பாருங்கள். சுருக்கமுறை ராணுவ நீதிமன்றத்தில் கமாண்டிங் ஆபீசர் ஒருவரே மொத்த நீதிமன்றமும். கூடவே இரண்டு பேர் முழு விசாரணைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் அவர்களுக்குச் சத்தியமும் கிடையாது, உறுதிமொழியும் கிடையாது என்று சட்டமே சொல்கிறது. தீர்ப்பில் குரல் இல்லாதவர்களுக்குச் சத்தியம் எதற்கு? அதாவது அவர்கள் நாற்காலியை நிரப்ப வந்தவர்கள். ஜெனரல் கோர்ட் மார்ஷலில் குறைந்தது 5 அதிகாரிகள் சத்தியம் செய்து உட்கார வேண்டும். 'இவர் என்னை விசாரிக்கக் கூடாது' என்று குற்றம்சாட்டப்பட்டவர் ஆட்சேபிக்கலாம். அந்த உரிமை தரும் 130-ஆவது பிரிவில் சுருக்கமுறை நீதிமன்றத்தின் பெயரே இல்லை. உதவிக்கு ஒரு 'நண்பர்' வரலாம், ஆனால் வாய் திறந்து வாதாடக் கூடாது. லெப்டினன்ட் கர்னல் அல்லது அதற்கு மேற்பட்டவர் விசாரித்தால் ஓராண்டு வரை சிறை.

சிக்னல்மேன் ரஞ்சித் தாக்கூர் வழக்கு நினைவிருக்கட்டும். சாப்பிடச் சொன்ன உத்தரவை மறுத்தார் என்பது குற்றச்சாட்டு. தண்டனை ஓராண்டு கடுங்காவல், பணிநீக்கம். அவர் யார் மீது புகார் எழுதினாரோ, அந்த அதிகாரியே விசாரிக்க உட்கார்ந்திருந்தார். 1987-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பாரபட்சம் காட்டமாட்டேன் என்ற சத்தியம் அங்கே எதைத் தடுத்தது?

"போர்முனையில் வக்கீல் தேடிக்கொண்டிருக்க முடியுமா?" என்பார்கள். முடியாதுதான். ஆனால் குண்டு வெடிக்காத அமைதிக்கால முகாமில் என்ன அவசரம்? இந்த முறை விதிவிலக்காகத்தான் இருக்க வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அப்படியானால் அதைச் சட்டத்திலேயே எழுதுங்கள். போர்முனைக்கு வெளியே இது வேண்டாம். ஆட்சேபிக்கும் உரிமையும் வாதாட ஒரு குரலும் சிப்பாய்க்கு வேண்டும். உட்காரும் ஒவ்வொருவரும் சத்தியம் செய்து, ஓட்டும் போடட்டும்.

கடவுளா, உளமா என்பதை அப்புறம் அவரவர் முடிவு செய்துகொள்ளலாம்.