பென் டிரைவ் திறக்கவில்லையா? அழிக்காதீர்கள்!

பென் டிரைவைக் கணினியில் செருகுகிறீர்கள். சிறு விளக்கு மினுக்குகிறது. ஆனால் திரையில் ஒன்றும் வரவில்லை!

நேற்று வரை செருகியதும் திறந்தது. இன்று ஏன் திறக்கவில்லை?

உள்ளே என்ன இருக்கிறது? அக்காள் கல்யாணப் படங்கள் இருக்கலாம். மகனின் பரீட்சைக் குறிப்புகள் இருக்கலாம். கடைக் கணக்கு இருக்கலாம்.

வீட்டில் பதற்றம். பிடுங்கிப் பிடுங்கிச் செருகுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன் வருகிறான். "பார்மட் பண்ணினால் சரியாகிவிடும்" என்கிறான்.

சரியாகத்தான் ஆகும். பென் டிரைவ் சரியாகிவிடும். கல்யாணப் படங்கள் போய்விடும்!

'பார்மட்' என்றால், உள்ளே உள்ளதைத் துடைத்துவிட்டுப் புதிதாகக் கோடு போடுவது. பூட்டு திறக்கவில்லை என்பதற்காக வீட்டைக் கொளுத்துகிறவர் உண்டா?

லினக்ஸ் கணினியில் பென் டிரைவ் தானாகத் திறக்காவிட்டால், அது செத்துவிட்டது என்று அர்த்தம் அல்ல. திறக்காததற்கு ஏதோ ஒரு காரணம் இருக்கிறது. பெரும்பாலும் அந்தக் காரணத்தைக் கணினி எழுதியும் வைத்திருக்கிறது. முதலில் அதைக் கேட்க வேண்டும். பிறகுதான் கை வைக்க வேண்டும்.

லினக்ஸ் என்பது என்ன?

கணினியை இயக்குவதற்கு ஒரு மென்பொருள் வேண்டும். அது இல்லாவிட்டால் கணினி வெறும் பெட்டி. பல வீடுகளில் இந்த வேலையைச் செய்வது விண்டோஸ். அதே வேலையைச் செய்யும் இன்னொன்று லினக்ஸ்.

1991-ம் ஆண்டில், பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் இதைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 21. லினக்சைக் காசு கொடுக்காமலே பெறலாம். விஷயம் தெரிந்தவர்கள் அதைத் திருத்தவும் செய்யலாம்.

தமிழ்நாட்டுக்கு இது புதிது அல்ல. 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குக் கொடுத்த கணினிகளில், விண்டோசுடன் 'பாஸ்' என்ற இந்திய லினக்சும் இருந்தது. பக்கத்துக் கேரளத்தில், அரசுப் பள்ளிக் கணினிகளில் லினக்ஸ்தான் ஓடுகிறது.

ஆகவே இது யாரோ சில நிபுணர்களின் கவலை அல்ல. நம் வீட்டுக் கவலை.

நான்கு பேர் வேலை

பென் டிரைவ் 'தானாகத் திறக்கிறது' என்கிறோம். உண்மையில் அது நான்கு பேர் கைமாற்றிச் செய்யும் வேலை!

முதல் ஆள், 'கெர்னல்'. வாசல் காவலர். செருகியதும், "யாரோ வந்திருக்கிறார்" என்று கண்டுகொள்கிறவர் இவர்.

இரண்டாவது ஆள், 'யுடெவ்'. வந்தவரின் விவரத்தைக் குறித்துக்கொண்டு, உள்ளே சேதி சொல்கிறவர்.

மூன்றாவது ஆள், 'யுடிஸ்க்ஸ்'. சாவிக்கொத்து இவரிடம் இருக்கிறது.

நான்காவது ஆள், நீங்கள் பார்க்கும் திரை. வீட்டுக்காரர் மாதிரி. "திறந்துவிடு" என்று உத்தரவு கொடுப்பவர் இவர்.

உத்தரவு கிடைத்ததும், பென் டிரைவில் உள்ளவை எல்லாம் கணினியில் ஒரு போல்டருக்குள் வந்து அமர்கின்றன. இதற்குத்தான் 'மவுண்ட்' என்று பெயர். விண்டோஸ் 'ஈ', 'எப்' என்று எழுத்து கொடுக்கும். லினக்ஸ் பெரும்பாலும் 'மீடியா' என்ற போல்டருக்குள் இடம் கொடுக்கும்.

நால்வரில் ஒருவர் நின்றுவிட்டாலும் திரையில் ஒன்றும் வராது. ஆகவே, "பென் டிரைவ் கெட்டுவிட்டதா?" என்று கேட்காதீர்கள். "வேலை எவரிடம் நின்றது?" என்று கேளுங்கள்.

வாசலுக்கு வந்ததா?

முதலில் வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். நடுவில் 'ஹப்' இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். ஒரே ஹப்பில் நாலைந்து சாமான்களை மாட்டினால் மின்சாரம் போதாது. யு.எஸ்.பி. 2 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர். யு.எஸ்.பி. 3 தருவது 900. அவ்வளவுதான்.

கேபிள் உள்ள ஹார்டு டிஸ்க் என்றால், கேபிளை மாற்றிப் பாருங்கள். போன் சார்ஜ் செய்ய மட்டுமே உதவும் கேபிள்களும் உண்டு. அவற்றில் மின்சாரம் போகும்; தகவல் போகாது.

அடுத்து, 'டெர்மினல்' என்ற ஜன்னலைத் திறந்து, 'எல்.எஸ்.பி.எல்.கே.' என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைத் தட்டுங்கள். சிறிய எழுத்தாக இருக்க வேண்டும். நடுவில் புள்ளியோ இடைவெளியோ கூடாது. கணினியோடு இணைந்துள்ள டிஸ்க்குகளின் பட்டியல் வரும்.

உங்கள் பென் டிரைவை அளவைப் பார்த்து அடையாளம் காணலாம். 16 ஜி.பி. என்று வாங்கியது 14 அல்லது 15 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று எண்ண வேண்டாம். எண்ணும் முறை வேறு.

பட்டியலில் பெயர் இருக்கிறதா? நல்லது. காவலர் பார்த்துவிட்டார். பென் டிரைவுக்கு உயிர் இருக்கிறது!

பெயர் இல்லையா? வேறொரு கணினியில் செருகிப் பாருங்கள். அங்கும் இல்லை என்றால்தான் பென் டிரைவைச் சந்தேகப்பட வேண்டும்.

காவலரின் நோட்டுப் புத்தகம்

கெர்னல், நடந்ததை எல்லாம் எழுதி வைப்பவர். அதைப் படிக்க, அதே ஜன்னலில் 'சுடோ' என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, 'டி.எம்.இ.எஸ்.ஜி.' என்று தட்ட வேண்டும். கணினியின் பாஸ்வேர்டைக் கேட்கும். கொடுத்தால், சரசரவென்று வரிகள் ஓடும். பயப்பட வேண்டாம். கடைசிப் பத்து வரிகள் போதும்.

'டிஸ்கிரிப்டர் ரீட்', 'எர்ரர்' என்ற சொற்கள் ஆங்கிலத்தில் திரும்பத் திரும்ப வந்தால், போர்ட், கேபிள், மின்சாரம் ஆகியவற்றைப் பாருங்கள். 'ஐ.ஓ. எர்ரர்' என்று வந்தால், படிக்கும்போதே தடுமாறுகிறது என்று பொருள். பென் டிரைவ் தேய்ந்துவருகிறது என்ற எச்சரிக்கை அது. திறந்தால், உடனே பிரதி எடுங்கள். திறக்கப் பார்க்கும்போது திரையில் 'அன்நோன் பைல்சிஸ்டம்' என்று வந்தால், அது மொழிப் பிரச்சினை!

பென் டிரைவுக்கு மொழியா?

ஆமாம். பைல்களை அடுக்கி வைக்கும் முறை ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. 'பேட் 32', 'எக்ஸ்பேட்', 'என்.டி.எப்.எஸ்.' என்பவை அவற்றில் சில.

'எக்ஸ்பேட்' முறையை மைக்ரோசாப்ட் 2006-ல் கொண்டுவந்தது. அதன் முழு விவரத்தை வெளியிட்டது 2019-ல்தான். 2020-ல் வந்த 5.7-வது கெர்னலில் அதற்கு நல்ல ஏற்பாடு சேர்ந்தது. பழைய லினக்ஸ் என்றால், அதற்கான துணை மென்பொருளைத் தனியாகச் சேர்க்க வேண்டும். சேர்த்ததும் பென் டிரைவ் திறந்துவிடும்.

இங்கேதான் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. லினக்சின் சொந்த முறையான 'எக்ஸ்ட் 4' முறையில் எழுதிய டிஸ்க்கை விண்டோசில் செருகினால் என்ன ஆகும்? விண்டோசுக்கு அந்த மொழி தெரியாது. "இதைப் பயன்படுத்த வேண்டுமானால் பார்மட் செய்ய வேண்டும்" என்று கேட்கும். பலர் 'சரி' என்று அழுத்திவிடுகிறார்கள். நல்ல டிஸ்க், நல்ல பைல்கள், ஒரே அழுத்தில் போச்சு!

கணினி கேட்டாலும் கொடுக்காதீர்கள், அந்தச் சம்மதத்தை.

சொல்லாமல் பிடுங்கியதன் பலன்

'என்.டி.எப்.எஸ்.' டிஸ்க் ஒன்றை விண்டோஸ் கணினியில் மாட்டி, 'எஜெக்ட்' செய்யாமல் பிடுங்கி எடுத்தால், "கணக்கு முடியவில்லை" என்ற அடையாளம் அதில் நின்றுவிடலாம். அதைப் பார்த்ததும், புதிய லினக்ஸ் கணினிகள் பல திறக்க மறுக்கின்றன.

"விண்டோஸ் திறக்கிறதே, லினக்ஸ் மட்டும் ஏன் அடம் பிடிக்கிறது?" என்று கோபப்படுகிறார்கள். என் கருத்து வேறு. பாதியில் நிற்கும் கணக்கின் மேல் புதுக் கணக்கு எழுதினால், இரண்டும் கெட்டுவிடும். நல்ல கணக்குப்பிள்ளை அதற்குச் சம்மதிக்க மாட்டார். அந்த மறுப்பு அடம் அல்ல, பாதுகாப்பு.

பரிகாரம் எளிது. டிஸ்க்கை மறுபடி விண்டோசில் மாட்டி, அதன் 'பிராப்பர்ட்டீஸ்' பக்கத்தில் 'டூல்ஸ்' என்பதற்குப் போய், 'செக்' என்பதை அழுத்துங்கள். முடிந்ததும் முறையாக எஜெக்ட் செய்யுங்கள். பிறகு லினக்சில் செருகுங்கள். ஆனால் 'ஐ.ஓ. எர்ரர்' வந்த டிஸ்க்குக்கு இது கூடாது. அதற்குப் பிரதி எடுப்பதுதான் முதல் வேலை.

காலையில் புதுப்பித்தீர்களா?

சில லினக்ஸ் வகைகளில், குறிப்பாக 'ஆர்ச்' வகையில், கெர்னலைப் புதுப்பித்தால் பழைய கெர்னலின் துணைப் பைல்கள் நீக்கப்பட்டுவிடும். ஓடிக்கொண்டிருப்பதோ பழைய கெர்னல்! பென் டிரைவைத் திறக்க வேண்டிய துணைப் பைலைத் தேடுகிறது; கிடைக்கவில்லை. என்ன செய்ய வேண்டும்? கணினியை ஒரு முறை நிறுத்தித் தொடங்கினால் போதும். இதற்கா ஒரு பென் டிரைவை அழிப்பது?

பழைய பட்டியல்

எந்த டிஸ்க்கை எங்கே திறக்க வேண்டும் என்று லினக்சில் ஒரு பட்டியல் உண்டு. 'எப்.எஸ்.டேப்' என்று பெயர். பென் டிரைவ் மூலம் லினக்சை நிறுவும்போது, டெபியன் போன்ற வகைகளில், அந்தப் பென் டிரைவின் இடத்தைச் 'சி.டி.' என்று இதில் எழுதிவிடுவது உண்டு. பின்னர் அதே இடத்துக்கு வரும் எந்தப் பென் டிரைவையும் சி.டி. என்று நினைத்துத் திறக்கப் பார்க்கும். எப்படித் திறக்கும்?

அந்த ஒரு வரியின் தொடக்கத்தில் '#' குறி போட்டால், அந்த வரி செல்லாது, பிரச்சினை தீரும். ஆனால் இந்தப் பட்டியலில் தவறு செய்தால் கணினியே தொடங்காமல் நின்றுவிடலாம். விஷயம் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

வீட்டுக்காரர் உத்தரவு கொடுக்காததும் ஒரு காரணமாக இருக்கலாம். திரையின் 'செட்டிங்ஸ்' பகுதியில், தானாகத் திறக்கும் ஏற்பாடு அணைந்திருக்கும். அப்போது பைல் ஜன்னலின் இடப்பக்கத்தில் பென் டிரைவின் பெயர் நிற்கும். அதை ஒரு முறை கிளிக் செய்யுங்கள். திறந்துவிடும்.

அலுவலகக் கணினி என்றால், வேண்டும் என்றேகூடப் பூட்டியிருப்பார்கள். 2010-ல் கண்டுபிடிக்கப்பட்ட 'ஸ்டக்ஸ்நெட்' வைரஸ், பென் டிரைவ் வழியாகவும் பரவியது. அது புகுந்தது விண்டோஸ் கணினிகளில். ஆனாலும் அதன் பிறகு எச்சரிக்கை எங்கும் கூடியது. அங்கே பூட்டை உடைக்கப் பார்க்காதீர்கள். பொறுப்பாளரைக் கேளுங்கள்.

அழித்தாகிவிட்டதா?

பார்மட் செய்துவிட்டவர்களும் நம்பிக்கையை விட வேண்டாம். அந்தப் பென் டிரைவில் புதிதாக ஓர் எழுத்துக்கூட எழுதாதீர்கள். 'போட்டோரெக்' என்ற இலவச மென்பொருள், அழிந்த படங்களைத் தேடிப் பார்க்கும். கிடைப்பதை வேறொரு டிஸ்க்கில் சேர்க்கும். படங்கள் கிடைத்தாலும், பெயர்கள் கிடைப்பது அரிது. எல்லாம் கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது.

அதைவிட நல்லது, முன்கூட்டியே கவனமாக இருப்பது. பைலைப் பிரதி எடுக்கும்போது, "முடிந்தது" என்று திரை சொல்லும். ஆனால் பாதி பைல் கணினியின் நினைவகத்திலேயே நிற்கக்கூடும்! 'எஜெக்ட்' அழுத்திய பிறகுதான் மிச்சமும் போய்ச் சேரும். அதற்கு ஆகும் நேரம் சில வினாடிகள், மிஞ்சினால் சில நிமிடங்கள். விருந்தாளி சொல்லிக்கொண்டு போவதுபோல், பென் டிரைவும் சொல்லிக்கொண்டுதான் போக வேண்டும்.

இன்னொன்று. ஒரே பென் டிரைவில் மட்டும் குடும்பப் படங்களை வைக்காதீர்கள். இரண்டு இடத்தில் வையுங்கள்.

யார் சொல்லிக் கொடுப்பது?

கணினியைக் கொடுக்கிறார்கள். அதில் லினக்சைப் போட்டும் கொடுக்கிறார்கள். ஆனால் இந்தச் சிறு விஷயத்தை யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

சைக்கிள் வாங்கிக் கொடுக்கும் தகப்பனார், பிரேக் எங்கே இருக்கிறது என்று காட்டாமல் விடுவாரா? பள்ளிக்கூடமானாலும், அலுவலகமானாலும், கணினி விற்கும் கடையானாலும், ஒரு தாளில் மூன்று வரி எழுதி ஒட்டினால் போதும்.

ஒன்று: பட்டியலில் பெயர் வருகிறதா?

இரண்டு: காவலரின் நோட்டுப் புத்தகம் என்ன சொல்கிறது?

மூன்று: இந்த இரண்டையும் பார்க்காமல் பார்மட் செய்யாதே!

இந்த மூன்று வரியும் தெரிந்தால், பத்தாவது படிக்கும் பெண்ணே தன் வீட்டுப் படங்களைக் காப்பாற்றிவிடுவாள். புதுப் பென் டிரைவ் கடையில் கிடைக்கும். பாட்டி சிரித்த படம் எந்தக் கடையில் கிடைக்கும்?