கணக்கு தந்த நிம்மதி

2013 பிப்ரவரி 16, சனிக்கிழமை, விடியற்காலை மணி 3.25. பகாவ் வட்டாரத் தோட்டம் ஒன்றில், எங்கள் லயத்து வீட்டில் எல்லாரும் உறங்கிக்கொண்டிருந்தோம். இன்னும் சற்று நேரத்தில் அம்மா எழுந்து பிரட்டுக்குக் கிளம்ப வேண்டும்.

அந்த நேரத்தில்தான், சுமத்திராவுக்கு அப்பால் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே, சுமார் 27,700 கிலோமீட்டர் உயரத்தில் '2012 டிஏ14' என்ற சிறுகோள் பூமியைக் கடந்து போனது. எங்கள் கூரையிலிருந்த ஆஸ்ட்ரோ தட்டுக்குப் படம் அனுப்பும் துணைக்கோள் ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதைவிடத் தாழ்வாக அந்தக் கல் வந்து போயிருக்கிறது! அதன் வேகத்தில் சென்றால், சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்குச் சில வினாடிதான்.

"நல்ல வேளை, தப்பித்தோம்" என்றே நான் நெடுநாள் நினைத்திருந்தேன். பிறகு படித்தபோதுதான் உண்மை புரிந்தது. ஸ்பெயினின் லா சாக்ரா வானாய்வு நிலையத்தினர் 2012 பிப்ரவரியிலேயே அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அக்குழுவை நடத்திய ஜாவ்மே நோமென் தொழிலால் ஒரு பல் மருத்துவர். சிறுகோளின் பாதையைக் கணித்து, அது மோதாது என்று விஞ்ஞானிகள் முன்கூட்டியே உறுதியாகச் சொன்னார்கள்.

அதற்குச் சில மணி நேரம் முன்பு, ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானில் வேறொரு விண்கல் வெடித்தது. சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்த அதை முன்னதாக யாரும் பார்க்கவில்லை. சுமார் 1,500 பேர் காயமடைந்தார்கள். பெரும்பாலோரைக் காயப்படுத்தியது உடைந்து சிதறிய சன்னல் கண்ணாடி. கணக்கில் வந்த கல் அமைதியாகப் போனது. கணக்கில் வராத கல் காயப்படுத்தியது.

மாணவர்களே, "கூடுதல் கணிதமும் இயற்பியலும் தோட்டத்துப் பிள்ளைக்கு எதற்கு?" என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு மயங்கி, படிவம் நான்கில் பாடத்தை மாற்றிக்கொள்ளாதீர்கள். பல் மருத்துவரால் முடிந்தது பால்மரம் வெட்டுபவரின் பிள்ளைக்கும் முடியும்.

அடுத்து வருவது அபோபிஸ். சுமார் 340 மீட்டர் அகலமுள்ள இச்சிறுகோள் 2029 ஏப்ரல் 14 காலை, நம் நேரப்படி 6 மணிக்குச் சற்று முன், ஏறக்குறைய 32,000 கிலோமீட்டர் தூரத்தில் கடக்கும். அன்று சித்திரைப் புத்தாண்டு! 2004இல் கண்டுபிடித்தபோது மோதுமோ என்று ஐயம் எழுந்தது. தொடர்ந்து செய்த கணிப்புகள் அதைப் போக்கின. இன்னும் நூறாண்டுக்கு அபாயமில்லை என்று 2021இல் உறுதியானது.

அன்று 'உலகம் அழியப் போகிறது' என்ற செய்தி புலனத்தில் சுற்றி வரக்கூடும். அதை அடுத்தவருக்கு அனுப்பாமல், ஏன் அழியாது என்று வீட்டாருக்கு விளக்கிச் சொல்லும் பிள்ளையாக நீங்கள் இருக்க வேண்டும்.