கேட்கப் பழகிய காது



உடையார்கட்டில் எனக்குத் தெரிந்த தாயார் ஒருவரிடம் வானொலிச் செய்தியாளர் ஒருவர் வந்தார். முற்றத்தில் நின்றபடியே ஒலிவாங்கியை நீட்டி, "மகனைக் கடைசியா எப்ப கண்டனீங்கள்?" என்றார். 2009ஆம் ஆண்டு கண்முன்னே வர, அம்மாவுக்குக் குரல் அடைத்துவிட்டது. அன்றிரவு அவர் உறங்கவில்லை.

சில மாதங்களின் பின் வேறொருவர் வந்தார். பாயில் இருந்து, தன் பெயரையும் எந்த நிகழ்ச்சிக்காக வந்தார் என்பதையும் சொன்னார். "அம்மா, கதைக்க ஏலாட்டிச் சொல்லுங்கோ, நிப்பாட்டுவம்" என்றார். அம்மா ஒரு மணித்தியாலம் பேசினார்.

இருவருமே நல்ல பிள்ளைகள்தான். வேறுபாடு எங்கிருந்து வந்தது? இரண்டாமவரிடம் கேட்டேன். "கிழமைக்கொருக்கா எங்கட ஒலிப்பதிவுகளை மூத்தவை கூட இருந்து கேட்பினம் அக்கா. எங்க அவசரப்பட்டனான் எண்டு காட்டித் தருவினம்" என்றார். முதலாமவருக்கு ஒலிவாங்கியை மட்டும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

சமூகவியல் படித்தபோது பயிற்சி என்றால் வகுப்பறை என்றே நினைத்திருந்தேன். வேலைத்தலத்தில் செய்து, திருத்தி, மீண்டும் செய்வதே கையில் நிற்கிறது. நம் நாட்டில் 1981இல் தொடங்கிய மகாவலி சமூக வானொலியின் தயாரிப்பாளர்கள் குடியேற்றக் கிராமங்களில் நாட்கணக்கில் தங்கி, மக்களோடு பழகிய பின்பே அவர்களின் குரலைப் பதிவு செய்தார்கள்.

இந்தியாவில், இன்றைய தெலங்கானாவின் மச்னூர் கிராமத்தில், தலித் பெண்கள் சங்கம் வானொலியை நடத்துகிறார்கள். அது 2008 ஒக்டோபர் 15இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. அனுமதி கிடைக்கும் முன் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் விதை, விவசாயம், உடல்நலம் பற்றி ஒலிப்பதிவு செய்து, ஒலிநாடாக்களைச் சங்கக் கூட்டங்களில் போட்டுக் காட்டினார்கள். கேட்டவர்கள் அயற்பெண்கள், குறை சொன்னவர்களும் அவர்களே. அந்தப் பத்து ஆண்டுகளே அவர்களின் பயிற்சிக்கூடம்.

சகோதரிகளே, பயிற்சி பெறாத செய்தியாளரின் தவறு அவரோடு முடிவதில்லை; நம் காயத்தில் வந்து விழுகிறது. ஆகவே, யாராவது ஒலிவாங்கியோடு வந்தால் முதலில் நீங்கள் கேளுங்கள்: எதற்காக வந்தீர்கள்? எப்போது ஒலிபரப்பாகும்? என் பெயரை விடலாமா? விருப்பமில்லாத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாமா? நல்ல பயிற்சி பெற்றவர் கோபிக்கமாட்டார். கோபித்தால், பேசாமல் விடுவது உங்கள் உரிமை.

உங்கள் மகள் வானொலி வேலைக்குப் போக விரும்பினால், சம்பளத்தோடு இதையும் விசாரியுங்கள்: அங்கே யார் அவளுக்குப் பழக்குவார்கள்?