சங்கத்தின் முதற் காசு



எந்த ஊரில் எச்சங்கம் தொடங்கினாலும் முதற் கூட்டத்தில் எழும் முதற் கேள்வி, "பணத்துக்கு எங்கே போவது?" என்பதே. தீர்த்தமலைப் பக்கத்தில் தேனீ வளர்ப்போர் சங்கம் ஒன்று காண விழையும் இளைஞர்களும் இதையே கேட்கின்றனர். ஒரு ஞாயிறு காணிக்கையைத் தங்களுக்கென ஒதுக்கலாகாதா என்பது அவர்கள் விருப்பம். மழை பொய்த்த ஆண்டுகளில் அரூர் வட்டாரத்து இளைஞர் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பேருந்து ஏறுவதை நாம் அறிவோம். பிறந்த மண்ணிலேயே நாலு காசு ஈட்ட அவர்கள் வழி தேடும்போது அதைத் தட்டிக் கழிப்பது முறையன்று. ஆனால் எவ்வகைப் பணம் அவர்களை வாழவைக்கும் என்பதைச் சிந்திப்பது நம் கடமை.

தேனீக்கும் திருச்சபைக்கும் உள்ள உறவு மிகப் பழையது. பாஸ்கா இரவின் புகழுரை, மெழுகு தந்த தேனீயின் உழைப்பை நினைவுகூர்கிறது. மிலான் நகர ஆயர் புனித அம்புரோசியார் தேனீ வளர்ப்போரின் பாதுகாவலராக வணங்கப்படுகிறார். நம் தமிழகத்திலோ, அருட்தந்தை நியூட்டன் 1911 முதல் 1917 வரை கிராம மக்கள் பலருக்கு இத்தொழிலைப் பயிற்றுவித்தார். நம் நாட்டுத் தேனீ அடைக்கும் அடைக்கும் நடுவே விடும் இடைவெளியை அளந்து, அதற்கேற்ற பெட்டியை அவர் அமைத்தார். தீப்பந்தம் காட்டிக் கூட்டைப் பிழிந்தெடுப்பதற்கு மாறாக, சட்டத்தை வெளியே எடுத்துத் தேனை மட்டும் பிரித்துவிட்டு, அடையைத் தேனீக்கே திருப்பித் தர அப்பெட்டி வழி செய்தது. இன்றும் அது 'நியூட்டன் பெட்டி' என்றே வழங்குகிறது. அக்குரு மக்களுக்கு அளித்தது பணமன்று, தொழில்!

குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்திலும் இதே பாடத்தைக் காண்கிறோம். 1920-களில் அங்கே கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் கிராமச் சீரமைப்புப் பணியை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர், ஏழை மக்களுக்குத் தேனீ வளர்ப்பையும் கோழி வளர்ப்பையும் கற்பித்தார். அறிந்தவர் அருகிருந்து ஆலோசனை கூறவேண்டும். உழைப்பும் முதலும் மக்களுடையதாக இருக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. பின்னர் அங்கே தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கமும் தோன்றியது. மார்த்தாண்டத் தேன் என்றால் நாடெங்கும் மதிப்பு உண்டானது.

குமரி வரை போவானேன்? நம் தருமபுரி மாவட்டமே சான்று பகரும். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் துணையோடு தமிழ்நாடு மகளிர் முன்னேற்றத் திட்டம் 1989-ல் தொடங்கியது இங்கேதான். நம் தாய்மார் குழுவாகக் கூடிச் சிறுகச் சிறுகச் சேமித்தனர். சேமிப்பைக் கண்ட பின்னரே வங்கிகள் கடன் தந்தன. கையில் பத்து ரூபாய் சேர்த்தவருக்கு நூறு ரூபாயை நம்பித் தரலாம் என்பது அன்று மெய்ப்பிக்கப்பட்டது.

ஆதலின், காணிக்கை கேட்டோருக்கு என் மறுமொழி இது: முதல் ஆறு மாதம் நீங்களே சேமியுங்கள். சேமித்துக் காட்டினால், பங்குப் பேரவையின் இசைவோடு அதே அளவு தொகையைப் பங்கு கடனாகத் தரும், இனாமாகவன்று. இனாமாக வந்த பெட்டியில் எறும்பு ஏறினால் எவர் கவலைப்படுவார்? தன் காசில் வாங்கிய பெட்டியின் கால்களுக்கு அன்றோ மனிதன் நாள் தவறாமல் தண்ணீர்க் கிண்ணம் வைப்பான்!

இனி, நிதி திரட்டும் வழிகளைக் காண்போம்.

முதலாவது, மாதச் சந்தா. இருபது பேர் மாதம் நூறு ரூபாய் இட்டால் ஆண்டுக்கு 24,000 ரூபாய் சேரும். தேன் பிரிக்கும் கருவி வீட்டுக்கு ஒன்று வேண்டியதில்லை. சங்கத்துக்கு ஒன்று போதும். பணம் தர இயலாத வீடு, நம் அன்னையர் பண்டு தொட்டுச் செய்துவரும் பிடியரிசியைக் கொண்டுவரட்டும்.

இரண்டாவது, முன்பணம். பட்டணத்தில் வாழும் நம் உறவினர் ஒரு பெட்டியின் விலையை முன்னரே தந்து, ஈடாக ஓரிரு ஆண்டுகளில் தேனாகப் பெறலாம். ஆனால் கூடு தரக்கூடிய அளவுக்கு மேல் வாக்களித்தல் ஆகாது.

மூன்றாவது, அறுவடை விற்பனை. முதல் தேனைத் திருவிழா ஏலத்திலும், தீர்த்தமலைக்கு வரும் யாத்திரிகரிடமும் விற்கலாம். உணவுப் பாதுகாப்புத் துறையில் முறைப்படி பதிவு செய்த பின்னரே புட்டியில் அடைக்கவேண்டும்.

நான்காவது, உழவர் துணை. வெள்ளரியும் பூசணியும் சூரியகாந்தியும் காய்த்து மணி பிடிக்கத் தேனீ வேண்டும். எனவே உழவரிடம் காசு கேட்பதினும், பெட்டி வைக்க நிழலும், பூக்கும் காலத்தில் பூச்சிமருந்து தெளியாமையும் கேட்பதே பேருதவி. வேலியோரத்தில் புங்கையும் வேம்பும் புளியும் நடுவதும் சங்கத்தின் முதலீடே.

இறுதியாக, அரசு உதவி. கதர் கிராமத் தொழில் ஆணையம் 2017-ல் தேன் இயக்கம் தொடங்கிப் பெட்டிகளை வழங்கிவந்துள்ளது. ஆலோசனைக்குப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தை நாடலாம். உதவியை நாடுவதில் இழுக்கில்லை. அதையே நம்பிச் சங்கம் தொடங்குவதே தவறு.

குலுக்கற் சீட்டு மட்டும் வேண்டா. 2003 முதல் தமிழகத்தில் பரிசுச் சீட்டுக்குத் தடை உள்ளது. தடை இல்லாவிடினும், உழைப்பைக் கற்பிக்க வந்த சங்கம் அதிர்ஷ்டத்தைக் கற்பிக்கலாகாது.

அன்பர்களே, ஈட்டுவதினும் காப்பது அரிது. 1991-92-ல் தாய்லாந்து சாக்புரூட் என்னும் நச்சுயிரி நோய் தென்னாட்டில் பரவி, புழுப் பருவத்திலேயே தேனீக்களைக் கொன்றது. குமரி மாவட்டத்திலும் பெட்டிகள் வெறுமையாயின. பல குடும்பங்கள் பிழைப்பிழந்தன. எனவே வரவில் ஒரு பகுதியை வைப்பு நிதியாக வங்கியில் இடுவது இன்றியமையாதது. கணக்கை மாதந்தோறும் எல்லோர் முன்னும் வாசித்தல் வேண்டும்.

அதனினும் பெரிது நாணயம். 2020-ல் தில்லியிலுள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம், கடைகளில் விற்கும் தேன் வகைகள் பலவற்றில் சர்க்கரைப் பாகு கலந்திருந்ததை வெளிப்படுத்தியது. பூக்கள் இல்லாத காலத்தில் தேனீயைக் காப்பாற்றச் சர்க்கரைக் கரைசல் ஊட்டுவது தொழில் முறை. அதையே தேனென விற்பது களவு. பங்கின் பெயரைக் கேட்டு வாங்குவோரிடம் இக்களவைச் செய்தால், இழப்பது ஒரு புட்டித் தேனையன்று, ஊரின் நம்பிக்கையை.

இது பங்குச் சங்கமாகவன்றி ஊர்ச் சங்கமாக அமையட்டும். இந்து, கிறிஸ்தவர், இசுலாமியர் எவராயினும் சந்தா செலுத்துவோர் அனைவரும் உறுப்பினராகட்டும். எந்தப் பூவையும் குலம் கேளாமல் நாடும் உயிர், வேலி கடந்து பறப்பதை நாம் காண்கிறோம் அன்றோ?

டிசம்பர் 7, புனித அம்புரோசியார் திருநாள். அதற்குள் தீர்த்தமலையில் இருபது வீடுகளேனும் தத்தம் முதற் காசை எடுத்து வைக்கட்டும். உழைப்போரின் கைகளை இறைவன் ஆசீர்வதிப்பாராக!